இருபத்தோராவது ரவை

எங்கள் மூத்தோர் ஒன்றுகூடல் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, ஏற்றிப்போக ஆள் வரும்வரை எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலோரம் இருப்போம். சென்ற மாசியில் தாயாரை ஏற்ற வந்த ஒரு தம்பி என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் கவச வாகனத்தில் தானும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். நான் அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், ஒண்டு கேக்கவேணும். நீங்கள் துவக்கு மகசீனில ரவையை முழுக்க நிரப்பிறனீங்களோ, ஒண்டு குறைச்சோ? எங்கட இடத்தில ரெண்டு கட்சி. நிரப்பினா ஸ்பிரிங் இளகிப்போகும், கொளுவாது எண்டு ஒரு கட்சி. ஒண்டு குறைஞ்சா அந்த ஒண்டாலதான் சாவாய் எண்டு மற்றக் கட்சி."

கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்பது போலக் கேட்டார். நான் "பேந்து கதைப்பம் தம்பி" என்று எழுந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு செவ்வாய் ஒன்றுகூடலுக்குப் போகவில்லை. மூன்றாவது செவ்வாய், ஒன்றுகூடலின் ஆண்டு மலருக்கு ஒவ்வொருவரும் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று ஒரு தாளைக் கையில் தந்தார்கள். நான் ஓ.எல். வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் கனடாவுக்கு வந்து முதல் மூன்று வருடம் கோப்பை கழுவினேன், பிறகு ஒரு பேக்கரியில் மா மூட்டை தூக்கினேன். மல்வேர்னில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழ் வீட்டில் இருந்த ஒரு கயானாக்காரர்தான் இந்த வேலையைப் பற்றிச் சொன்னார். பொலிசை விட்டால் இந்த நாட்டில் இடுப்பில் துவக்கோடு தெருவில் நடக்கக்கூடிய வேலை மிகச் சில. அதில் இது ஒன்று. வீட்டில் மனைவியிடம் சொன்னபோது பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

"அது வீட்டுக்கு வராது. பின்னேரம் குடுத்துப்போட்டுத்தான் வருவன்."

அடுத்த பயற்றங்காயை எடுத்தார். "அப்ப அந்த யூனிபோமையும் சாமியறைப் பக்கம் கொண்டுவராதேங்கோ" என்றார். அவ்வளவுதான் வீட்டில் நடந்த விவாதம். ஓய்வு பெறும்வரை யூனிபோம் வாசல் அலுமாரியிலேயே தொங்கியது. நான் காலையில் குளித்து, திருநீறு பூசி, தேவாரம் ஒன்று படித்து, பிறகு வாசலில் வந்து மற்ற மனிதனாவேன்.

பயிற்சி இரண்டு கிழமை. அதில் சொல்ல அதிகம் இல்லை. கடதாசி மனிதனைச் சுட்டோம். சுட்ட கை இரவெல்லாம் உளைந்தது. முதல் சில வருடங்கள் எங்களுக்கு றிவோல்வர்தான். ஆறு துளை, ஆறு ரவை. அதில் வாதாட ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் கம்பனி அவற்றைத் திருப்பி வாங்கிவிட்டு மகசீன் போடும் பிஸ்டல் தந்தது. வாதம் அன்றைக்குத் தொடங்கியது.

ஹரல்டைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஆயுத அறைக்குப் பொறுப்பாக இருந்தவர், முன்னாள் இராணுவக்காரர், அறுபதை நெருங்கியவர். கம்பிவலை போட்ட யன்னலுக்குப் பின்னால் நிற்பார். குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தாததால் நாங்கள் காதை வலையில் வைத்துத்தான் கேட்கவேண்டும். யாராவது பிழை விட்டால் ஏசமாட்டார். துவக்கையும் ரவைகளையும் திருப்பி வாங்குவார். எல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்தது போல அடுக்குவார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு ஒரே ஒரு சொல் சொல்வார்: "திரும்ப." ஒருநாள் என்னை ஏழு தரம் செய்ய வைத்தார். வெளியே வாகனம் உறுமிக்கொண்டு நிற்கிறது, ட்ரைவர்மார் ஹோன் அடிக்கிறார்கள். அவர் கண்ணாடியைத் துடைக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயபக்தி என்று சொன்னால் சரியாக இருக்கும்.

புதுத் துவக்கு வந்த பிறகு காலை முறை இப்படி. யன்னலால் துவக்கு வரும், மேல்பகுதி பின்னால் இழுத்துத் திறந்தபடி. வெறும் மகசீன் இரண்டு வரும். ஒரு மரக்கட்டை வரும், அதில் இருபத்தொரு துளை, ஒவ்வொன்றிலும் ஒரு ரவை. மகசீன் ஒவ்வொன்றும் பத்துக் கொள்ளும். சட்டம் அதற்கு மேல் விடாது. இரண்டையும் நிரப்பினால் கட்டையில் ஒன்று மிஞ்சும். ஒரு மகசீன் இடுப்புப் பட்டிக்குப் போகும். மற்றதைத் துவக்கில் போட்டு, மண் நிரப்பிய பீப்பாய்க்குள் முனையைக் காட்டி, மேல்பகுதியை விடவேண்டும். படார் என்று மூடும். மேல் ரவை குழாய்க்குள் ஏறிவிடும். மகசீனில் இப்போது ஒன்பது. அதைக் கழற்றி, கட்டையில் மிஞ்சிய இருபத்தோராவது ரவையை அதில் அமத்தி, திரும்பவும் போடவேண்டும்.

வில்லங்கம் இந்தக் கடைசிப் படியில்தான். மூடிய துவக்கில் நிரம்பிய மகசீனைத் தள்ளினால், மேலே இருக்கும் ரவைக்கு இறங்க இடமில்லை. எதிர்த்துத் தள்ளும். உள்ளே போனது போல இருக்கும், ஆனால் கொளுவிப் பூட்டியிருக்காது. கொளுவியதும் கொளுவாததும் பார்வைக்கு ஒன்றுதான். உறைக்குள் இருக்கும்வரை விழவும் விழாது. அதனால்தான் ஹரல்ட் எங்களுக்கு இரண்டு சொல் படிப்பித்தார். அடி, இழு. உள்ளங்கையால் அடியில் பலமாக அடிக்கவேண்டும். பிறகு விரலால் பிடித்துக் கீழே இழுத்துப் பார்க்கவேண்டும். வராவிட்டால் சரி.

இதைப் பக்கத்தில் நிற்கும் ஆள் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். தாளில் இரண்டு வரி. முழுவதும் நிரப்பியதைப் பார்த்தேன் என்பது முதலாவது. பூட்டி இழுத்ததைப் பார்த்தேன் என்பது இரண்டாவது.

ஒருநாள் ஹரல்டிடம் கேட்டேன், அந்த ஒன்றை விட்டால் என்ன என்று. அவர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. "என்னிடம் விட்டால் ஒன்றைக் குறைப்பேன்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "என்னிடம் விடவில்லை."

என்னோடு வேலை செய்தவர் அன்ரன். குருநகர் ஆள், கத்தோலிக்க வேதக்காரர். என்னிலும் ஐந்து வயது இளையவர். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய கட்டடத்தில் மனைவி ஸ்ரெல்லாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தார். நான் ட்ரைவர், அவர் இறங்கிப் பை தூக்குகிறவர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சின்ன யன்னல். அதனால் நாள் முழுக்கக் கதைப்போம். கதைப்போம் என்றால் அவர் கதைப்பார், நான் கேட்டுக்கொண்டு வாகனம் ஓடுவேன். என்னைச் சாமி என்று கூப்பிடுவார். தொப்பியைக் கழற்றினால் திருநீறு தெரியும், அதனால் வந்த பெயர்.

அன்ரனின் இடது கையில் இரண்டு விரலுக்குப் பலமில்லை. முன்பு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் நசித்தது. வேலைக்குச் சேரும்போது அதை மறைத்துவிட்டார். றிவோல்வருக்கு அது பிரச்சினை தரவில்லை. பிஸ்டலுக்குத் தந்தது. வலது கையில் துவக்கைப் பிடித்தால் அடிக்கவேண்டியது இடது கை. பயிற்சி இடத்திலேயே இரண்டு தரம் நிரம்பிய மகசீன் கொளுவாமல் அவர் காலடியில் விழுந்தது. ஹரல்ட் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அன்றிலிருந்து அன்ரன் அந்த இருபத்தோராவது ரவையைப் போடுவதில்லை. ஹரல்ட் அடுத்த ஆளின் துவக்கை எடுக்கத் திரும்பும் நேரம் பார்த்து, சட்டைப் பொக்கற்றில் போட்டுப் பொத்தானைப் பூட்டிவிடுவார். பின்னேரம் மரக்கட்டையில் திருப்பி வைப்பார். ஹரல்டுக்குக் கணக்குச் சரி.

"உது அந்தோனியாரின்ர பங்கு சாமி" என்பார். "அவர் துலைஞ்சதைத் தேடித் தாறவர். இதையும் அவர் பாத்துக்கொள்ளுவார்."

ஒன்பது போட்ட மகசீன் லேசாகக் கொளுவும். அவர் இழுத்துக் காட்டுவார், நான் பார்ப்பேன். இரண்டாவது வரி உண்மை. முதலாவது வரி பொய். ஐந்து மாதம் நாள்தோறும் அந்தப் பொய்க்குக் கீழே நான் கையெழுத்து வைத்தேன். ஹரல்டிடம் சொன்னால் அவரை வாகனத்தில் இருந்து இறக்கிவிடுவார்கள். இரண்டு பிள்ளைகள். அதனால் சொல்லவில்லை. ஆனால் மனம் குத்தும். பின்னேரம் வீட்டில் விளக்குக்கு முன்னால் நிற்கும்போது அந்தக் கையெழுத்து வந்து கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

அந்த வருடம் கந்தசஷ்டி வந்தது. நான் ஆறு நாளும் பாலும் பழமும்தான். முதல் இரண்டு நாள் சனி ஞாயிறு. கோயிலில் பிரசங்கம் செய்தவர், விரதம் வயிற்றுக்கு மட்டும் இல்லை, நாக்குக்கும் கைக்கும் சேர்த்துத்தான் என்றார். அந்தச் சொல் என்னைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது. அங்கேயே முருகனிடம் சொல்லிவிட்டேன்: இந்த ஆறு நாளும் பொய் பேசமாட்டேன், பொய் எழுதமாட்டேன். கும்பிட்டு எழும்பும்போது உடம்பு பாரமில்லாமல் இருந்தது.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. சாம்பல் வானம், தூறல். அன்ரன் வழக்கம் போலத் துவக்கை மூடி உறையில் வைத்துவிட்டு, மிஞ்சியதைப் பொக்கற்றில் போடப் போனார்.

"அன்ரன், இண்டைக்கு அதையும் போடும்."

"எதை?"

"அந்தோனியாரின்ரயை."

"ஏன், ஹரல்ட் கிழவன் மணந்து பிடிச்சிட்டானோ?"

"இல்லை. நான் விரதம். பொய்க் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு மாதமா வைச்சதெல்லாம் ஆரின்ர தலையில சாமி?"

"அது போனது போகட்டும். இனி ஏலாது."

"விரதம் எப்ப முடியுது?"

"வியாழக்கிழமை."

"அப்ப வியாழன் மட்டும் அந்தோனியார் பட்டினி. முருகனுக்காக அந்தோனியார் பட்டினி கிடக்கிறார். கோயில்ல ஒரு கல்லில வெட்டி வைக்கச் சொல்லுங்கோ."

"பகிடி விடாதையும்."

"இல்லைச் சாமி, தெரியாமத்தான் கேக்கிறன். உங்கட ஆள் ஒரு வேலோட போய்ச் சூரனை முடிச்சவர். உங்களுக்கு இருபது காணாதாமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு, "கெதியாப் போடும், நேரம் போகுது" என்றேன்.

அந்த நாலு சொல்லை நான் சொன்னேன். அவரது கையைப் பற்றி எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒருதரம் நான் அடித்துத் தருகிறேன், துவக்கை இங்கே காட்டும் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் எண்ணம் முழுக்க அந்தத் தாளில் இருந்தது.

அன்ரன் மகசீனைக் கழற்றி, பெருவிரல் வெளிற அந்த ரவையை அமத்தினார். மகசீனின் பக்கத்தில் இருக்கும் பத்தாவது துளையில் பித்தளை தெரிந்தது. எனக்குக் காட்டினார். நான் தலையாட்டிவிட்டுத் தாளை எடுத்தேன். பேனை எழுதவில்லை. உதறினேன். திகதி போட்டேன். மகசீன் உள்ளே போகும் சத்தம் காதில் விழுந்தது. அடித்தாரா, தள்ளினாரா, தெரியாது. இழுத்தாரா, தெரியாது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வரிக்குக் கீழே உண்மையாய் ஒரு கையெழுத்து வைக்கிறேன் என்ற சந்தோசம். அந்தச் சந்தோசத்தோடு கை இறங்கி இரண்டாவது வரிக்கும் கையெழுத்து வைத்துவிட்டது.

பொய்க் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று விரதம் பிடித்த அன்று நான் வைத்த பொய்க் கையெழுத்து அது.

பகல் பதினொரு மணி இருக்கும். வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பிளாசா, பெரிய பலசரக்குக் கடை. அன்ரன் உள்ளே போனார். நான் வாகனத்துக்குள் இருந்தேன். ட்ரைவருக்கு ஒரே சட்டம். என்ன நடந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. சைரன் போடு, வானொலியில் சொல், உள்ளே இரு.

அன்ரன் பையோடு வெளியே வந்தார். நிறுத்தியிருந்த ஒரு வானுக்குப் பின்னால் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் துவக்கை நீட்டினான். அன்ரன் பையை நிலத்தில் விட்டார். அவர்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவன் சுட்டான், படவில்லை, கண்ணாடி உடைந்தது. அன்ரன் உருவிச் சுட்டார். ஒரு வெடி. முன்னால் வந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் சாய்ந்தான். அந்த வெடியோடு அன்ரனின் சப்பாத்தடியில் கறுப்பாய் ஏதோ விழுந்ததைக் கண்டேன். அவர் அடுத்த தரம் விசையை இழுத்தார். ஒன்றும் இல்லை. கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். கைவிளக்கு எரியாவிட்டால் நாங்கள் பார்ப்போமே, அப்படித்தான் பார்த்தார். இடது கை பட்டியில் இருந்த மற்ற மகசீனைத் தேடியது. விரல்கள் பிடிக்கவில்லை. இரண்டாவது ஆள் இரண்டு தரம் சுட்டான்.

நான் சைரனைப் போட்டேன். வானொலியில் சொன்னேன். அவர்கள் பையோடு ஓடிவிட்டார்கள். அன்ரன் வாகனத்தைப் பார்த்தபடி விழுந்து கிடந்தார். வாய் அசைந்தது. அந்தக் கண்ணாடி தடிப்பு, ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் உள்ளே இருந்து "அன்ரன், அன்ரன்" என்று கத்தினேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. கதவை நான் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகும் திறக்கவில்லை. பொலிஸ்காரர் வந்து கண்ணாடியில் தட்டிய பிறகுதான் திறந்தேன். சட்டப்படி நான் செய்தது முழுக்கச் சரி என்று பிறகு எழுதித் தந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அன்ரனின் செத்தவீட்டுக்குப் பிறகு விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. கம்பனியின் பெரியவர் ஒருவர், பொலிஸ் அதிகாரி ஒருவர், மூலையில் ஹரல்ட். மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த மகசீன். பத்து ரவையும் அப்படியே. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கவேண்டும் என்றார் அதிகாரி. ஒன்று, காலையில் அது கொளுவவே இல்லை. அல்லது, உருவும்போது பதற்றத்தில் அவரே பெருவிரலால் மகசீனை விடுவிக்கும் பொத்தானை அமத்திவிட்டார்.

"இரண்டாவது வரி உங்கள் கையெழுத்தா?"

"ஓம்."

"அவர் இழுத்துப் பார்த்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

 வேலை, அனுமதிப் பத்திரம், என் மூன்று பிள்ளைகள், எல்லாம் ஒன்றாக மனதில் வந்தன. முருகனும் வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஓம், பார்த்தேன்."

ஹரல்ட் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அன்ரன் பதற்றத்தில் தானே பொத்தானை அமத்தினார் என்று முடிவு எழுதினார்கள். ஸ்ரெல்லாவுக்கு அப்போது ஆங்கிலம் போதாது. தமிழில் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுச் சோபாவில் இருந்து அந்தத் தாளை ஒவ்வொரு வரியாக நான் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் இரண்டும் அறை வாசலில் நின்றன.

"அவருக்குப் பதட்டம் வராதே அண்ணை" என்றார் ஸ்ரெல்லா. "மனுசன் எதுக்கும் பகிடி விடுற ஆளல்லோ."

"அந்த நேரத்தில ஆருக்கும் வரும் தங்கச்சி" என்றேன் நான்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், ஹரல்ட் யன்னலால் எல்லாவற்றையும் தந்தார். நான் செய்தேன். நிரப்பி, மூடி, கழற்றி, மிஞ்சியதை அமத்தி, அடித்து, இழுத்தேன். அவர் வலைக்குக் கிட்ட வந்தார்.

"நீ நன்றாகச் செய்கிறாய். அவர் செய்தாரா?"

"செய்தார்."

அவர் 'திரும்ப' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். அவர் யன்னலைச் சாத்தினார். அடுத்த வசந்தத்தில் ஓய்வு பெற்றுப் போகும்போது வரிசையில் நின்ற எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடம் வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்தவரிடம் போனார்.

அந்தக் கோடையில் கம்பனி முறையை மாற்றியது. புது மரக்கட்டைகள் வந்தன. இருபது துளை.

அதற்குப் பிறகும் பதினான்கு வருடம் ஓடினேன். ஒருநாளும் பிந்தவில்லை. நீண்ட சேவைக்கு ஒரு கடிகாரம் தந்தார்கள். விரதங்கள் ஒன்றையும் விடவில்லை. கோயிலுக்குப் போகிறேன், கும்பிடுகிறேன், அர்ச்சனைத் தட்டு நீட்டுகிறேன். பெயர் நட்சத்திரம் கேட்டால் சொல்கிறேன். கேட்பதற்கு என்று மனதில் ஒன்றும் வருவதில்லை. மன்னிப்பைக் கேட்கலாம் என்று சொல்வீர்கள். அதை முருகனிடம் கேட்டுப் பெற்றுவிட்டால் ஸ்ரெல்லாவிடம் போகாமல் இருந்துவிடுவேன் என்ற பயம் எனக்கு இருந்தது. கடைசியில் இரண்டு இடத்திலும் கேட்காமல் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது.

நிரப்புவதா, குறைப்பதா என்று கேட்ட தம்பிக்கு: எனக்குத் தெரியாது. நிரப்பியவர்களும் வீட்டுக்குப் போனார்கள், குறைத்தவர்களும் போனார்கள். இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவர் இழுக்கும்போது வேறு எதையும் பார்க்காதீர்கள், உங்கள் மனச்சாட்சியைக் கூட. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை எழுதத் தொடங்கும் முன் ஸ்ரெல்லாவிடம் போனேன். இப்போது ரூஜில் மூத்த மகளோடு இருக்கிறார். மகள் வேலைக்குப் போயிருந்தார். ஸ்ரெல்லா தேத்தண்ணி போட எழும்பினார், வேண்டாம் இருங்கோ என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், கையெழுத்து, 'கெதியாப் போடும்' என்றது, நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது, அந்த அறையில் 'பார்த்தேன்' என்றது, பிறகு அவர்கள் சோபாவில் இருந்து அவரிடமே அதைத் தமிழில் சொன்னது. சொல்லும்போது நான் நிலத்தையே பார்த்தேன். 

அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஏசவேண்டும் என்றுதான் போனேன்.

"நான் அவரோட கோவம் அண்ணை" என்றார் ஸ்ரெல்லா. "உங்களுக்குத் தெரியாது. இவ்வளவு வருசமும் நான் அவரோட கோவம். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள வைச்சுக்கொண்டு, ஒரு பொத்தானை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாமச் செத்துப்போன மனுசன் எண்டு. சேமக்காலைக்குப் போனா கல்லறையில பூவை வைச்சிட்டு உடன திரும்பிடுவன். ஒரு வார்த்தை கதைக்கிறேல்லை. பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வளத்தனான். அப்பா பதறிப்போனார், நீங்கள் எதுக்கும் பதறாதேங்கோ எண்டு."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் போங்கோ அண்ணை. எனக்கு இப்ப அவரோட கதைக்கவேணும்."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். படியில் பனி உறைந்திருந்ததால் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். கூடத்துச் சுவரில் அன்ரனின் படம் இருந்ததை வரும்போது கண்டிருந்தேன். ஸ்ரெல்லாவின் குரல் கதவுக்கு ஊடாகக் கேட்டது. என்னைத் திட்டுகிறார் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனவன் நான். சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. கதவைத் தட்டக் கையை உயர்த்தினேன். தட்டவில்லை.